பன்னிரண்டு பாட்டில் பூசை ரசம்

4-1-1946, வெள்ளி
நீண்ட யோசனைக்குப் பின் முடிவெடுத்துவிட்டேன். பூசைக்கான வெள்ளைத் திராட்சை ரசத்தை இனி வெள்ளிக்கிழமை முகர்ந்து பார்ப்பதில்லை, சனிக்கிழமைதான். கோயில்பிள்ளையாகப் பதினோரு வருஷம், வாரம் தவறாமல் ஒவ்வொரு பாட்டிலின் தக்கையையும் பிடுங்கி, முகர்ந்து, திரும்ப அடைத்து வைக்கிறேன். அப்படியும் பெட்டிக்குப் பாதி கெட்டுப்போகிறது. நான் இல்லாவிட்டால் என்ன கதியோ.

12-1
புது வாத்தியார் லூர்துராஜ் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு துரை வீட்டில் பரிமாறினவனாம். பங்குச் சாமியார் அவனிடம் கெட்டுப்போன மூன்று பாட்டிலை நீட்டினார்.
"இது காடி, சாமி. இதுல ஈரச்சாக்கு வாடை, தக்கை கெட்டிருக்கு. இது நறுக்கி வச்ச ஆப்பிள் மாதிரி வாடை. காத்துப் பட்டுருக்கு."
ஆப்பிளாம். அரியலூரில் ஆப்பிள் கண்டவர் எத்தனை பேர்?
"அடைச்ச பாட்டிலுக்குள்ள காத்து எந்த வழியா போவும், வாத்தியாரே?"
தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மடக்கிவிட்டேன்.

13-1
சாமியார் அவனுக்குக் காப்பி கொடுத்தார். நாற்காலியில் உட்காரவைத்து. என்னைப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள் — சரி, எழுதவேண்டாம்.

19-1
சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறாமை என்று சொல்லவில்லை. ஒரு வருத்தம் என்றேன்.
"யார் மேல, ஞானமுத்து?"
"பொதுவா, சாமி."

28-1
அரியலூர் ஸ்டேஷனிலிருந்து புதுப் பெட்டி வந்தது. பன்னிரண்டு பாட்டில். எடுத்துவர வண்டியில் போனது நானில்லை, லூர்துராஜ். ரசம் வைக்கிற பீரோவின் சாவியைச் சாமியாரிடம் நீட்டினேன். "இனிமே வாத்தியாரே மோந்துக்கட்டும், சாமி." வேண்டாம் என்பார் என்று நின்றேன். வாங்கிக்கொண்டார். மணியடிப்பது என்னிடமே இருக்கட்டும் என்றார்.
வீட்டில் மதலேனம்மாள் சிரித்தாள். "ஊர்ல பொண்டாட்டிகிட்ட கோவிச்சிக்கிட்டு சோறு திங்காம கெடப்பானுவ. நீங்க பாட்டில்கிட்ட கோவிச்சிக்கிட்டீங்களா?"

9-2
லூர்துராஜ் பாட்டில்களைப் படுக்கவைத்திருக்கிறான். முகர்வதே கிடையாது. அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் திறக்கிறான், மற்றதைத் தொடுவதில்லை. இதற்குப் பெயர் பொறுப்பாம். பாஸ்குக்கு முந்தின தவசு காலம் முடிவதற்குள் பீரோ முழுக்கக் காடியாகிவிடும். அப்போது என்னைத் தேடி வருவாங்க. வராம எங்க போவாங்க?

2-3
யாரும் வரவில்லை.

21-4, பாஸ்கு ஞாயிறு
பூசைக்கு மணியடித்தேன். பன்னிரண்டாவது பாட்டிலைத் திறந்தார்கள். இந்தப் பெட்டியில் ஒன்றுகூடக் கெடவில்லை.