நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது

6 ஆகஸ்ட் 2024

கை ஆட்டியது! திரையில் தெளிவாகப் பார்த்தேன். ஸ்கேன் அறையில் சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, சுஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு, எனக்கு ஐம்பது. வைத்தியமெல்லாம் போதும் என்று நிறுத்தி நான்கு வருடம் கழித்து, தானாக வந்திருக்கிற பிள்ளை.

ஒரு குறை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறதாம். பிள்ளை வெளியே வரவேண்டிய வழி அது. "வயிறு வளர வளர பெரும்பாலும் மேல போயிடும். பயப்படாதீங்க சார்" என்றார் டாக்டர் ஐரீன். போகாவிட்டால்? ஆபரேஷன். ரத்தம் நிறைய போகலாம்.

பயப்படாதீங்க என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வந்த வருடம் எங்கள் கம்பெனியிலும் அதையேதான் சொன்னார்கள்.

9 ஆகஸ்ட்

படிக்கப் படிக்கத் தூக்கம் வரவில்லை. தாயின் ரத்தம்தான் பிள்ளை உடம்பில் ஓடுகிறது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேனே, எம்.டெக். படித்தவன்! சுத்தப் பிழை. இரண்டு ரத்தமும் கலப்பதே இல்லை. நடுவில் மெல்லிய சவ்வு. இந்தப் பக்கம் சுஜாவின் ரத்தம், அந்தப் பக்கம் பிள்ளையின் ரத்தம். மூச்சும் சாப்பாடும் அங்கே போகின்றன, கழிவு இங்கே வருகிறது. நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாவற்றின் வேலையையும் ஒரே ஒரு தட்டு பார்க்கிறது.

இது என் தொழில்! எண்ணூர் ஆலையில் இருபத்தாறு வருடமாக நான் பழுது பார்ப்பது இதைத்தான். குழாய்க்குள்ளே கொதிக்கும் எண்ணெய், வெளியே தண்ணீர். இரண்டும் தொடாது, சூடு மட்டும் கைமாறும். அந்த இயந்திரத்துக்கு லாரி நீளம் வேண்டும். இது சாப்பாட்டுத் தட்டு அளவு. உள்ளேயிருக்கும் மடிப்புகளை விரித்தால் ஓர் அறையின் தரையையே மூடுமாம்.

ஆபீஸ் பலகையில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாலமன் வந்தான் (எனக்கு ஜூனியர், இப்போது என் மேனேஜர்). "இது எந்த யூனிட்டு சார்?"

"என் யூனிட்டு" என்றேன்.

12 ஆகஸ்ட்

இன்னொன்று. நஞ்சுக்கொடியைப் பெரும்பாலும் கட்டுவது கருவேதானாம், தாய் அல்ல. அப்படியென்றால் அதில் என் பங்கும் உண்டு. சுஜாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அதான் எடத்த விட்டு நகர மாட்டேங்குது" என்றாள்.

3 செப்டம்பர்

வளைகாப்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அண்ணன் வீட்டைக் கூப்பிடாமல் எப்படி என்று சுஜா ஆரம்பித்தாள். ஒன்பது வருடத்துக்கு முன், அண்ணன் மகள் ராமசெல்வியின் வளைகாப்பில், வளையலோடு நீண்ட சுஜாவின் கையைச் சபை நடுவே பிடித்து நிறுத்தியவள் சீனியம்மாள் அண்ணி. "நீ இரு தாயி, பிள்ள பெத்தவுக போடட்டும்." அண்ணன் சுடலைராஜ் பக்கத்தில் நின்று பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தான். அன்றோடு சரி. சுஜா மறந்துவிட்டாளாம். நான் மறக்கவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா?

21 செப்டம்பர்

உதைக்கிறது!

29 அக்டோபர்

நகரவில்லை. வாயை முழுதாக மூடியபடி அங்கேயேதான். டிசம்பர் முதல் வாரம் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது. அந்தத் தட்டு தன் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை, இடம் மட்டும்தான் தப்பு. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தப்பான நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டு ஒழுங்காக வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு பை ரத்தம் தயாராக வேண்டும். சுஜாவுக்கு ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காது. ரத்த வங்கியில் ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறார்களாம், இன்னொன்றுக்கு "சொந்தத்துல யாராவது இருக்காங்களா பாருங்க" என்கிறார்கள்.

இருக்கிறாள். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள். ராமசெல்வி பிறந்தபோது சீனியம்மாள் அண்ணிக்கு ஓ நெகட்டிவ் தேடி ஊரெல்லாம் அலைந்தவன், அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த நான்.

மாட்டேன். வேறு ஆள் கிடைக்கும்.

6 நவம்பர்

கிடைக்கவில்லை. ஒருவர் மஞ்சள் காமாலையிலிருந்து இப்போதுதான் எழுந்தவர். இன்னொருவர் துபாயில்.

10 நவம்பர்

ரத்தம். பாத்ரூமில் தரையெல்லாம். சுஜா வலியே இல்லை என்கிறாள், வலி இல்லாமல் எப்படி இவ்வளவு — வாசலுக்கு ஓடிக் கத்தினேன். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் அமீர்தான் ஓடிவந்தார். "இன்னா சார், நீ பேஜாராயிக்கினு நிக்கிற! அவங்கள ஒரு பக்கமா சாச்சி படுக்க வையி, நான் எடுத்தாரேன் வண்டிய." லாரி வரிசையைத் தாண்டி ராயபுரம் ஆஸ்பத்திரி வரை ஹார்னிலிருந்து கையே எடுக்கவில்லை அந்த மனுஷன்.

ரத்தப்போக்கு நின்றுவிட்டது. பிள்ளையின் இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது, கேட்டேன்! ரத்தம் கசிந்ததில் பிள்ளையுடையது கொஞ்சம் சுஜா பக்கம் போயிருக்கலாம், அதன் வகை வேறாக இருந்தால் அவள் உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிடும் என்று ஓர் ஊசி போட்டார்கள். ஆபரேஷன் வரைக்கும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கவேண்டும்.

"மறுபடி வந்தா, ரத்தத்தத் தேடிக்கிட்டிருக்க நேரம் இருக்காது சார்" என்றார் டாக்டர் ஐரீன். பயப்படாதீங்க என்று இந்த முறை சொல்லவில்லை.

11 நவம்பர்

போனேன். திருவொற்றியூரில் அண்ணனின் மளிகைக் கடை, பின்னால் வீடு. அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்தான். நான் அவனைத் தாண்டிப் போனேன். நேரே அடுக்களை வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். பத்து வரி தயார் செய்து போயிருந்தேன், இரண்டுதான் வந்தது.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒம்பது வருசம் கழிச்சி வீடேறி வந்திருக்கீரு. மனுசன் தண்ணி கேப்பான், காப்பி கேப்பான். நீரு ரத்தமால்லா கேக்கீரு!"

பிறகு, "செத்த இரும். சேல மாத்திட்டு வாரேன்."

மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. இது வேறு, அது வேறு.

12 நவம்பர்

அண்ணியின் உடம்பில் ரத்தச் சத்து கொஞ்சம் குறைவாம், எடுக்க மாட்டோம் என்று நேற்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வங்கிக்காரரிடம் அவள் போட்ட சண்டை! "ஒரு கட மூட்டைய எறக்கி வைப்பேன் நான், எனக்கா சத்தில்ல?"

18 நவம்பர்

மாத்திரையோடு முருங்கைக்கீரை, ஆட்டுச் சுவரொட்டிக் கறி, பேரீச்சம்பழம். அண்ணி சாப்பிடுவதையெல்லாம் சுஜாவுக்கும் தூக்குவாளியில் கொண்டுவருகிறாள். வளைகாப்பு பற்றி இருவரும் பேசினார்களா, தெரியாது. நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

28 நவம்பர்

அண்ணி தேறிவிட்டாள்! எடுத்துக்கொண்டார்கள்! வெளியே பேய் மழை. கையில் பஞ்சை அழுத்தியபடி வந்து, "பிள்ளைக்கி எம் புத்தி வந்துராம பாத்துக்கிடும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி ரத்தம் பிள்ளையிடம் போகாது, நடுவில் சவ்வு இருக்கிறது என்று விளக்கினேன். முழுவதையும் நின்று கேட்டாள்.

3 டிசம்பர்

பெண்.

இரண்டு பையும் ஏறிவிட்டது. வெகு நேரம் யாரும் வெளியே வரவில்லை. அண்ணனும் நானும் ஒரே பெஞ்சில். பேசவில்லை. அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது, என்னுடையதும்.

சுஜா கண் திறந்துவிட்டாள்.

நஞ்சுக்கொடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் ஐரீன் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் காட்டினார். கருஞ்சிவப்பில் ஒரு தட்டு, ஒரு பக்கம் பளபளவென்று நீல நரம்புகள். ஒன்பது மாதம் ஒருநாள் விடுப்பில்லை. வேலை முடிந்த கையோடு வாளியில் போட்டுவிட்டார்கள். கும்பிட்டேன். நர்ஸ் சிரித்தால் சிரிக்கட்டும்.

21 டிசம்பர்

காலையில் பிள்ளைக்கு விக்கல். அண்ணிக்குப் போன் செய்தேன். "விக்கலுக்கெல்லாமா போன் பண்ணுவாவ? பால் குடுக்கச் சொல்லும், தானா நிக்கும்." நின்றுவிட்டது.

மத்தியானம் தும்மினாள். போன் செய்தேன். திட்டு.

சாயங்காலம் தூக்கத்தில் சிரித்தாள். இதைச் சொல்லாமல் எப்படி? போன் செய்தேன். அண்ணன் எடுத்தான்.

"ஏல, அவ குளிச்சிக்கிட்டிருக்கா. என்னன்னு எங்கிட்ட சொல்லு."

சொன்னேன்.