மைதீன் அண்ணன் செய்த மூன்று தாடைகள்

5 அக்டோபர், திங்கள்

வெயில். புரட்டாசி என்பது காலண்டரில் மட்டும். காலாண்டுப் பரீட்சை மார்க் வந்தது. கடைசல் பட்டறைக்காரர் மகள் கணக்கில் கடைசிக்கு முந்தினவள். கடைசி, இன்னொரு கோமதி. வகுப்பில் பாதிப் பேர் கோமதி. ஊர் அம்மன் பெயரை வைத்துவிட்டால் மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்ளும் என்று எல்லா வீட்டிலும் ஒரே யோசனை. என்னை ‘லேத்துக் கோமதி’ என்றால்தான் டீச்சருக்கே அடையாளம்.

சாயந்தரம் மைதீன் அண்ணன் வந்தார். என் பெஞ்சுக்காரி நூர்ஜகானின் அண்ணன். கழுகுமலை ரோட்டில் சின்ன ஒர்க்‌ஷாப். பின்னாலேயே நூரும். அவர் கையில் எண்ணெய்த் துணி மூட்டை. உள்ளே சக்குக்குப் புதுத் தாடைகள், மூன்று. அவரே செய்தவை. பளபள.

(பக்கத்து பெஞ்சுக் கோமதி, சக்கு என்றால் சுக்குக்குத் தம்பியா என்று கேட்டாள். விளக்கினேன். லேத்தின் தலையில் ஒரு இரும்பு உருண்டை. அதன் வாயில் நம்பர் போட்ட மூன்று பள்ளம், பள்ளத்துக்கு ஒரு தாடை. சாவி போட்டுத் திருகினால் மூன்றும் சேர்ந்து நடுவுக்கு வந்து கட்டையைக் கவ்வும். சரியாக நடுவில் கவ்வினால் கட்டில்கால். நடு தப்பினால் தொப்பை போட்ட கட்டில்கால்.)

அப்பாவின் சோதனை தொடங்கியது. முதலில் சத்தம். தாடையைச் சணலில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டு. டிங். காதை வைத்துக் கேட்டார். கோயில் மணியா, ஐஸ்காரன் மணியா என்று பார்க்கிறாராம். அடுத்தது அரம். அரம் வழுக்கினால் இரும்பு வைரம், கடித்தால் இரும்பு வெல்லம். வழுக்கியது. அப்பா முகத்தில் லேசான வருத்தம். குறை கிடைக்கவில்லையே.

மைதீன்: “மாட்டும்போது மட்டும் நம்பர் பாத்து மாட்டுங்க அண்ணாச்சி. முதுகுல அடிச்சிருக்கேன்.”

அப்பா: “எனக்கே நம்பரா? ஏ மைதீனு, நீ டவுசர் போடுததுக்கு முன்னாடியே நான் சக்கு மாட்டுனவம்வே.”

ஓட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கி. புதுச் சாமான், பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமியன்றுதான் ஓட்டுவாராம்.

அப்பாவிடம் மூன்றே தீர்ப்பு. ‘தேவல’, ‘பரவால்ல’, ‘கொண்டு போ’. ‘நல்லாருக்கு’ என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அம்மா கல்யாணச் சேலையில் வந்து நின்றபோதே ‘பரவால்ல’தானாம். அம்மா இன்னும் மறக்கவில்லை.

நூர் என்னை மரத்தூள் குவியல் பக்கம் இழுத்துப் போனாள்.

“ஏட்டி, உங்கப்பா ‘தேவல’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ட்டி. சிவகிரி, ராசபாளையத்துப் பட்டறைக்காரங்க எல்லாம் அவரு வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. அவரு வேண்டாம்னா ஒருத்தனும் வாங்க மாட்டான்.”

“வாங்கலேன்னா?”

“மாமா சவுதியில இருந்து விசா அனுப்பிட்டாரு. வெள்ளிக்கிழமை அண்ணன் மதுரை பஸ் ஏறி மெட்ராஸுக்குப் போயி கையெழுத்துப் போடணும். ஒர்க்‌ஷாப்பப் பூட்டிட்டு நானும் உம்மாவும் கடையநல்லூருக்கே போயிருவோம்.”

நூர் இல்லாத பெஞ்சு. மைப்புட்டியில் தவளைக்குஞ்சு விட்டது யார் என்று டீச்சர் கேட்டால், யார் என்னோடு சேர்ந்து முழிப்பார்கள்?

6 அக்டோபர், செவ்வாய்

மேகம் வந்தது, பார்த்தது, போனது.

பட்டறை கழுவல். மண்ணெண்ணெய், பழைய வேட்டி, நான். பழைய தாடைகளைக் கழற்றினார் அப்பா. அவற்றில் நம்பரெல்லாம் எப்போதோ தேய்ந்து போயிற்று. ஒன்றில் மூக்கு உடைந்திருக்கும், ஒன்றில் நெற்றிக் காயம், ஒன்று மொட்டை. அப்பா முகம் பார்த்தே மாட்டுவார். சொந்தக்காரர்களை அடையாளம் பிடிப்பது மாதிரி.

மீதி நேரத்தில், அப்பா கடைக்குப் போன சமயம், சின்ன லேத்தில் வேப்பங்கட்டையில் ஒரு எலுமிச்சம்பழம் கடைந்தேன். மஞ்சள் பெயின்ட். நுனியில் மூக்கு. நாளைக்கு வேலை இருக்கிறது அதற்கு.

7 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. இன்று புத்தகம் தொடக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. வருஷத்தில் நான் மீறும் ஒரே நாள்.

அம்மா அரைத்த சந்தனம் இட்லி மாவுக் கெட்டி. ரம்பம், உளி, மோட்டார் சுவிட்சு, டிரான்சிஸ்டர், எல்லாவற்றுக்கும் பட்டை, நடுவில் குங்குமம். புதுத் தாடைகளுக்கு விசேஷ கவனிப்பு. முன்னும் பின்னும் அப்பி, அவை தாடைகளா, சாமிகளா என்றே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு சர்வேயர் மாமாவின் புது மொபெட்டுக்கும் பூஜை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் திருஷ்டி போகும். வைத்தார்கள். மாமா ஏறினார். மொபெட் ஏறியது. பழம் நசுங்கவில்லை. மொபெட் ஒரு குதி குதித்தது. மாமா இரண்டு. மறுபடி ஏற்றினார். மறுபடி குதி.

மாமி: “என்னங்க இது, இவ்வளவு திருஷ்டியா நமக்கு!”

சிரிப்பை அடக்கத் தெரிந்திருந்தால் மாட்டியிருக்க மாட்டேன்.

அப்பா பழத்தைக் கையில் வைத்து உருட்டினார். திட்டிக்கொண்டே உருட்டினார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நடு சரியாத்தான் புடிச்சிருக்கா,” என்று முனகினார். அடுத்த நொடி காதைப் பிடித்துத் திருகினார். சக்குச் சாவி மாதிரி.

தண்டனை: பூஜை முடிந்ததும் எல்லாச் சாமான் சந்தனத்தையும் நானே துடைக்க வேண்டும். இரண்டாவது தண்டனை: “இனி இவ என்ன சொன்னாலும் ஒருத்தரும் நம்பாதீங்க.” அம்மாவின் உத்தரவு. தெரு முழுக்க அமல்.

சுண்டல் சுமார்.

8 அக்டோபர், வியாழன்

விஜயதசமி. காலையிலேயே மைதீன் அண்ணன். சட்டை இஸ்திரி. நூர் வாசலில் நகம் கடித்தபடி.

நல்ல நேரம் பார்த்து அப்பா தாடைகளை மாட்டினார். மாட்டும்போது சந்தனம் கலையக்கூடாது என்று அம்மா வேறு. எந்தப் பொட்டு பெரிசோ அது முதலில், அப்படித்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். ஒரு தேக்குக்கட்டையைக் கவ்வவிட்டு உருளையாகக் கடைந்தார். பிறகு அதைக் கழற்றி, திருப்பி, மறுபடி கவ்வவிட்டு ஓடவிட்டார். இதுதான் கடைசிச் சோதனை: சாக்பீஸ். ஓடும் கட்டையருகே சாக்பீஸை மெதுவாகக் கொண்டுபோனால், கட்டை நடுவில் ஓடினால் சுற்றிலும் வெள்ளைக்கோடு. ஆடினால் மேடான பக்கம் மட்டும் வெள்ளை.

நிறுத்தினார். ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. மறுபக்கம் சுத்தமாக ஒன்றும் இல்லை.

மறுபடி கவ்வவிட்டு மறுபடி. அதே வெள்ளை.

அப்பாவுக்குக்கூட இந்த முறை குறை கிடைத்த சந்தோஷம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கட்டை ஆடுதுவே மைதீனு. கொண்டு போ.”

“என்கிட்ட ஆடலையே அண்ணாச்சி.”

“இங்கன ஆடுதே.”

மைதீன் அண்ணன் வெள்ளைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்தார். கையில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தார். “உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. பேப்பர் பறக்காம வைக்கவாவது ஆகும்.” போய்விட்டார்.

நூர் என்னைப் பார்க்கவே இல்லை. கத்திக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மத்தியானம் பாயசம். குடித்தேன். குடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் தம்ளரும்.

9 அக்டோபர், வெள்ளி

புழுக்கம். தண்டனை நிறைவேற்றம்.

ஈரத்துணியும் நானும். ரம்பம், உளி, சுவிட்சு. சக்கு. புதுத் தாடைகள் இன்னும் அதன் வாயில். சந்தனம் காய்ந்து சுவரில் பூசின சுண்ணாம்பு மாதிரி. நகத்தால் சுரண்டினேன், அடியில் நம்பர் தெரிந்தது. ஒன்றாம் பள்ளத்தில் ஒன்று. இரண்டாம் பள்ளத்தில் மூன்று. மூன்றாம் பள்ளத்தில் இரண்டு.

மறுபடி பார்த்தேன். மூன்று, இரண்டாகவில்லை.

ஓடினேன். அப்பா சாப்பாட்டில். “யப்பா! நம்பர் மாத்தி மாட்டிட்டீங்க! அதான் ஆடிச்சி!”

அப்பா ரசத்தைவிட்டுத் தலை தூக்கவில்லை. “முந்தாநாளு எலுமிச்சம்பழம். இன்னைக்கு நம்பரா?”

“சத்தியமா!”

அம்மா: “இவ சத்தியத்துல அந்த மொபெட்டு ஏறுனா அதுவும் குதிக்கும்.”

“வந்து பாருங்கப்பா!”

“போயி அதக் கழத்திட்டுப் பழசை மாட்டி வையி. ஒரு கட்டில்கால் முடிக்கணும்.” பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சரி. எனக்குத் தெரிந்த தொழிலையே செய்தேன்.

தாடைகளைக் கழற்றினேன். பழசை மாட்டவில்லை. புதுசையே, ஒன்றில் ஒன்று, இரண்டில் இரண்டு, மூன்றில் மூன்று. மேலே மோட்டார் கிரீஸும் மரத்தூளும் குழைத்துப் பூசினேன். அழகிகள் மூவரும் கிழவிகள் ஆனார்கள். பழசை எண்ணெய்த் துணியில் சுற்றி ஓரமாக வைத்தேன், மைதீன் மூட்டை மாதிரியே.

அப்பா எழுந்து வந்தார். சர்வேயர் மாமாவும் வந்தார், கட்டில்காலுக்கு. அப்பா கட்டையைக் கவ்வவிட்டார், திருப்பினார், ஓடவிட்டார். பழக்கத்தில் சாக்பீஸ் எடுத்தார்.

சுற்றிலும் கோடு. மெலிசாக, முழுசாக, குழந்தைக்கு அரைஞாண் கட்டின மாதிரி.

“பாத்தீரா!” அப்பா மாமாவிடம். “பழசு பழசுதான்வே. இன்னைக்குப் பயலுவ செய்யுதது எல்லாம் பளபளப்புதான். இதுல்லா கவ்வல்! நல்லாருக்கு பாத்தீரா!”

உள்ளே அம்மாவின் கரண்டி நின்றது. அந்த வார்த்தை அம்மா காதிலும் விழுந்துவிட்டது.

“யப்பா, அது மைதீன் அண்ணன் செஞ்சது,” என்றேன். இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்றுகொண்டு.

மோட்டாரை நிறுத்தினார். கட்டைவிரலால் கிரீஸைத் துடைத்தார். ஒன்று. சக்கைத் திருப்பினார். இரண்டு. மூன்று. ஓரத்து மூட்டையைப் பிரித்தார். உடைந்த மூக்கு அவரைப் பார்த்தது.

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, “சந்தனத்த இவ்வளவு கெட்டியா அரைச்சது யாரு?”

“நான்தான்,” என்றாள் அம்மா. “மாத்தி மாட்டுனது யாரு?”

சர்வேயர் மாமா தனக்கு வேலை இருப்பதாக நினைவு வந்து போய்விட்டார்.

“மைதீன் போற மதுரை பஸ் எப்பம்ட்டி?” என்றார் அப்பா என்னிடம்.

“இப்பம்.”

சைக்கிள். பின்னால் நான். கோயில் வாசல் கூட்டத்தில் பெல் அடிக்காமல் வாயாலேயே அடித்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலில் மைதீன் அண்ணன். கீழே நூர், உம்மா. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சோத்த மறந்துராத வாப்பா, கீழ வைக்காத,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்பாவை இன்னும் தெரியவில்லை.

“ஏ மைதீனு. ஒரு தாடையில ஓரம் கையக் கிழிக்குதுவே. எறங்கி வந்து அரம் போட்டுக் குடு.”

“அண்ணாச்சி, நான் மெட்ராஸ் போறேன்.”

“போ. யாரு வேண்டாம்னா? போட்டுக் குடுத்துட்டுப் போ. ராசபாளையத்துக்காரனுவ வந்து கேட்டா கையக் கிழிக்கிற சாமானையா காட்டுவேன்?”

மைதீன் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “கட்டை ஆடுதுன்னீங்களே?”

“ஆடுனது கட்டை இல்லவே.” அப்பா வேறு பக்கம் பார்த்தார். “நம்பர் மாறிக் கெடந்துச்சி.”

யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த என் காலை நூர் மிதித்தாள். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

கண்டக்டர்: “அண்ணே, ஏறுதீரா எறங்குதீரா? வண்டி கெளம்பணும், பதிலச் சொல்லும்.”

மைதீன் அண்ணன் மேலே கைவிட்டுப் பையை இழுத்தார்.

உம்மா அழுவதை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். புளிச்சோறு கட்ட விடியுமுன் எழுந்தாராம், அதை இனி எங்கே கொண்டு கொட்டுவதாம். பஸ் போனதும் அங்கேயே, பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். அப்பாவுக்கும் ஒரு உருண்டை. மென்றுகொண்டே, “உப்புக் கொஞ்சம் தூக்கல்,” என்றார்.

10 அக்டோபர், சனி

தூறல்.

மைதீன் அண்ணன் அரத்தோடு வந்தார். மூன்று தாடையையும் விரலால் தடவிப் பார்த்தார். எனக்குத் தெரியும், எங்கும் கிழிக்கவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவை ஒரு பார்வை. அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பல் இல்லாத வழுவழுப்பான ஓரத்தால் தேய்க்க ஆரம்பித்தார். சத்தமே இல்லை. ஒரு தூசிகூட விழவில்லை. அப்பா குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அந்தப் பக்கமும் கொஞ்சம் தேயி.”

“சரி அண்ணாச்சி.”

தேய்த்துக்கொண்டே இருக்கிறார்.