காவடிப் பூவும் மடத்துக் கிணறும்

திருத்தணி,
1984 ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி நாகராஜனுக்கு அம்மா எழுதுவது. மலைமேல் இருக்கிறவன் பார்வையில் இங்கே முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. பிலாயில் நீயும் மருமகள் பத்மாவும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் கடிதம் வந்தது. மடத்தை லாட்ஜ் கட்டுகிறவருக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிடு, பத்திரம் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போடுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படி நைனா, பாதியில் மடித்து வைக்காதே.

போன ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்ததும் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனதும், அடுத்த ஆடிக்குள் கிணற்றைச் சுத்தம் செய்யாவிட்டால் மடத்தைப் பூட்டிவிடுவேன் என்றதும் உனக்குத் தெரியும். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அம்மையார்குப்பத்து ஜனங்கள் நடந்து வந்து மலையேறிப் பூக்காவடி செலுத்திவிட்டு, நம் மடத்தில் இறக்கிச் சாப்பிட்டுப் போவது உன் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. சாமிக்குப் போன பூ கால்படக் கூடாதே, அதனால் காவடியிலிருந்து உருவின பூவையெல்லாம் பின்கட்டுக் கிணற்றில் போட்டுக்கொண்டே வந்தோம். தண்ணீர் கறுத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். பந்திக்குக் கூடத் தெருக்குழாயில் பிடித்து வந்துதான் ஊற்றினோம்.

இந்த நேரத்தில்தான் உன் சின்னம்மா வரலட்சுமி வந்தாள். அவளுக்கும் எனக்கும் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். உன் காதுகுத்தன்று, பந்தலில் வடக்கு ஓரத்தில் மஞ்சள் புடவையோடு உட்கார்ந்து, எங்க ஊர்ல இத ரசம்னு சொல்லுவாங்க, இங்க சாம்பார்ன்றாங்க என்று நான் வைத்த சாம்பாரைக் காட்டி ஆர்.கே.பேட்டைக்காரிகளிடம் சொல்லிச் சிரித்தாள். உன் மாமன் மடியில் நீ அழுதுகொண்டிருந்தாய், அது உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. இப்போது அவள் மாதர் சங்கத்துக் காரியதரிசி. வேலூர்ப் பக்கம் எங்கேயோ குப்பையை உரமாக்குகிற பயிற்சிக்குப் போய் வந்தாளாம். என் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னாள், சாமி பூவ கெணத்துல போட்டு நாற வெக்கறதுதான் மரியாதையா, மக்க வெச்சு செடி வேர்ல போட்டா எவன் காலு படும் என்று. நானும் அந்தத் தூணிடமே சொன்னேன், இன்னா வேணா பண்ணிக்கட்டும், சாமி கோச்சிக்கினா அவ தலையில என்று.

அவளும் சங்கத்துப் பெண்களும் பின்கட்டில் குழி வெட்டி, கிணற்றின் மேலே மிதந்த பூவை வாரிப் போட்டார்கள். உன் சித்தப்பா துளசிங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. சாமி பூவை அநாதையாக விடலாமா என்று, அவள் இல்லாத நேரம் பார்த்து விபூதி தூவி, கற்பூரம் ஏற்றி, சாதுக்களைச் சமாதி வைக்கிற மாதிரி சுண்ணாம்பும் களிமண்ணும் குழைத்துக் காற்றுப் புகாமல் மூடி மெழுகிவிட்டார். ஐப்பசியில் திறந்தால், கிணறே தேவலை. தெருவே ஓடிற்று. வரலட்சுமி இடுப்பில் கை வைத்து நின்று, தே, பூவுக்கு மூச்சு வாணாமா, உன்ன இப்பிடி பூசி மூடனா நீ மணப்பியா என்று புருஷனைக் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அவள் திட்டம் கெட்டதே என்று. ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, மடம் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. லாட்ஜ்காரருக்குச் சரி என்று சொல்லச் சொல்லி உனக்குக் கடிதம் எழுதினேனே, அது மறுநாள் எழுதினது.

அவள் விடவில்லை. கிணறு தோண்டுகிற வேடியப்பனைக் கூட்டிவந்தாள். அவன் முதலில் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கினான், அணையாமல் எரிந்த பிறகுதான் ஆள் இறங்கினான். கறுப்பாக, கூழ் மாதிரி, வாளி வாளியாக வந்தது, எந்த வருஷத்துப் பூவோ. அதோடு பழைய குழியில் இருந்ததையும் சேர்த்து, சருகும் சாணமும் அடுக்கடுக்காகப் போட்டு, வேலி கட்டி, கரையில் நின்றபடியே புரட்டிவிட்டாள். மண்வெட்டி படும்போதெல்லாம் உன் சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

பங்குனியில் பிரித்தார்கள். நைனா, என் வயதில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. பூ இல்லை. காம்பு இல்லை, சாணம் இல்லை, நாற்றம் இல்லை. கையில் எடுத்தால் பொலபொலவென்று மண். முதல் மழைக்கு வருமே, அந்த வாசனை. எவ்வளவு பூ, எத்தனை பேர் வேண்டுதல், எல்லாம் எங்கே போயிற்று என்று அந்தக் குழிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடியில் தங்கின சேற்றை வார அன்றைக்கு மறுபடி இறங்கியிருந்த வேடியப்பன் கிணற்றுக்குள்ளிருந்து கத்தினான், அம்மா, ஊத்து கண்ணு தொறந்துக்கிச்சு என்று. எட்டிப் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் விரல் மாதிரி நீண்டு வந்துகொண்டிருந்தது. நாம் இத்தனை காலமாகச் சாமியின் பூவாலேயே சாமி கொடுத்த தண்ணீரின் வாயை அடைத்து வைத்திருந்தோம்.

அந்த மண்ணைத் திருவாலங்காட்டு வழியில் பூந்தோட்டம் வைத்திருக்கிற சுப்பிரமணி எடுத்துப் போனான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அள்ளினான். வைகாசியில் ஒரு கூடை மல்லி கொண்டு வந்து வைத்து, உங்க மடத்து மண்ணு பூத்ததுங்க என்றான். தொடவே கை கூசியது. மலைக்குப் போய், மண்ணாகி, மறுபடி மலைக்குப் போகப் பூவாகி வந்திருக்கிறது. பிறவி பிறவி என்கிறார்களே, கண்ணால் பார்த்துவிட்டேன்.

இப்போது ஊரில் குப்பை வைத்திருக்கிறவன் எல்லாம் வரலட்சுமியைத் தேடுகிறான். ஓட்டல்காரர் பரந்தாமன் எச்சில் இலைக்குத் தனிக்குழி கேட்டு வந்தார், சாமி பூவோடு கலக்காதே என்று நான் தூணிடம் சொல்லி வைத்தேன். அம்மையார்குப்பத்து நெசவு சங்கத்தில் அறுந்து விழுகிற நூல் இனிமேல் பூக்கட்டுகிறவர்களுக்குப் போகிறது, அந்த மாலையும் கடைசியில் குழிக்குத்தான் வரும். அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்காரர்கள் அந்த மண்ணில் கீரை போடப் போகிறார்களாம். எது எங்கே முடிகிறதோ அங்கேயே இன்னொன்று தொடங்குகிறது, அவள் நடந்து நடந்து முடிச்சுப் போடுகிறாள். பொறாமையாகத்தான் இருக்கிறது, மலைப்பாகவும் இருக்கிறது.

நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், போன வருஷத்து நாற்றம் இல்லையே என்று சந்தேகத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார். ஏற்கெனவே தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருந்தாராம். குடிக்கலாம்மா, மடம் நடக்கட்டும் என்றார். சொம்பில் மொண்டு கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். எனக்குக் கண் மறைத்தது.

ஆகையால் பத்திரம் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு. நான் பிலாய்க்கு வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு நீ குடும்பத்தோடு வா. லீவு இல்லை என்று எழுதாதே. பந்தியில் எல்லோருக்கும் நீதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், நம் கிணற்றுத் தண்ணீர், உன் அப்பா ஊற்றின மாதிரி. உன் சின்னம்மாவுக்கும் ஊற்று. குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்க்காமல் தலைக்கு ஊற்றாதே என்று பத்மாவிடம் சொல். மலைமேல் இருக்கிறவன் உங்கள் எல்லோரையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கன்னியம்மாள்