ஐப்பசி வெயிலில் ஒரு ஒப்பாரி

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில். ஐப்பசியில் மாடியில் வற்றல் காய்கிறது. பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரி. தங்கை அஞ்சலைக்கு ஈரல் போய்விட்டதாம், வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அவள் மகள் செல்வி வராந்தாவில் அழுகை. எனக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் சித்திரையில் செத்தார். தார் உருகுகிற வெயில். அஞ்சலை வந்து, தன் மாமியாருக்குப் பாடின மழைக்கால ஒப்பாரியை அப்படியே பாடினாள். "நனைஞ்சி போறியே மாமா"வாம். பொம்பளைகள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றும் சொல்வேன். அந்தந்த மாசத்துக்கு அந்தந்தப் பாட்டு. அந்த மரியாதைகூட அவருக்கு இல்லை.

ஐப்பசி 10, திங்கள்

பால், சர்க்கரை மாத்திரை, செருப்பு தைக்கணும்.

அவளுக்கு ஒரு பாட்டு கட்டினேன், பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள்ளேயே.

"அடைமழை விட்டதுமே அக்கா வருவான்னு
வாசத்தண்ணி தள்ளிவிட்டு வழிபாத்த தங்கச்சியே"

மழையே இல்லை, எந்தத் தண்ணியைத் தள்ளுவாள்? ஆடிக்குக் காற்று, மார்கழிக்குப் பனி, சித்திரைக்கு வெயில். அம்மா பாடிக் கேட்டது அவ்வளவுதான். ஐப்பசி வெயிலுக்கு என்ன வார்த்தை? ஒன்றும் இல்லை. காலமே கெட்டுப்போச்சு.

ஐப்பசி 12, புதன்

பிள்ளைச்சாவடி, அவள் வீடு. கண்ணெல்லாம் மஞ்சள். அப்பவும் சிரிக்கிறாள்.

"யக்கா, மழையக் காணோமே. எனக்குக் கட்டுனதெல்லாம் வீணாப்போச்சா?"

"கட்டுனேன்னு யாருடி சொன்னது?"

"கட்டாம இருப்பியா நீ? பாடு. காது கேக்குறப்பவே கேட்டுக்குறேன்."

"உசுரோட இருக்கறவளுக்கு ஒப்பாரியா? வாயக் கழுவுடி."

"மாமாவுக்குத் தப்பாப் பாடிட்டேன்னுதான பாட மாட்டேங்கற?"

 செல்வி காபி கொடுத்தாள், சர்க்கரை போட்டுவிட்டாள். குடித்தேன். வந்துவிட்டேன்.

ஐப்பசி 13, வியாழன்

விடியும்போது செல்வி போன். போய்விட்டாள்.

ஐஸ் பெட்டிக்குள் அவள். வெளியே அதே வெயில். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மழைப் பாட்டு வரவில்லை. தானாக வேறொன்று வந்தது.

"ஐப்பசியில் மணல் சுடுதே
செருப்பில்லாமப் போறியேடி"

நிறுத்த முடியவில்லை. செல்விகூட அழுகையை விட்டுக் கேட்டாள். அஞ்சலை கேட்கவில்லை. நேற்றே பாடியிருந்தால், ஏதாவது குத்தம் சொல்லிச் சிரித்திருப்பாள்.