மூன்றாவது சென்சார் சொன்னது

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அப்பா தவசி எழுதுவது. கீழக்குயில்குடியில் நான் சுகமாகத்தான் இருக்கிறேன், மெக்சிகோவில் நீயும் சுகம் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சுகமாக இருப்பேன். போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இங்கே மழை இல்லை. உன் அம்மா போன பிறகு ஒருவனுக்கு மட்டும் சோறு வடிக்க இன்னும் கை வரவில்லை, எப்படி அளந்து போட்டாலும் மிஞ்சிவிடுகிறது. சாயங்காலம் ஆனால் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன், பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டுமே.

போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்னது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. விட்ட மூச்சையே சுத்தம் பண்ணி ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பக் கொடுக்கும் அந்த ரீபிரீதரை மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் குகைக்குள் போயிருக்கிறாய். ஆக்சிஜன் பார்க்கும் மூன்று சென்சாரில் இரண்டு ஒரே அளவைக் காட்ட, மூன்றாவது மட்டும் அதிகமாகக் காட்ட, இரண்டை நம்பி வேலையை முடித்துவிட்டாய். மேலே வந்து சோதித்தால் அந்த இரண்டும் பழசாகிப்போனவை, அவைதான் தப்பாம். இரண்டு பேர் கூடிச் சொன்னால் பொய் உண்மையாகிவிடுமா தாயி? ஆக்சிஜன் கூடினால் வலிப்பு, குறைந்தால் மயக்கம், இரண்டுமே சொல்லிக்கொண்டு வராது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். அப்படியும் புது சென்சார் வருவதற்குள் பழையதை வைத்தே இன்னொரு முறை இறங்கப் போகிறாயாம். எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது.

இங்கே பக்கத்துத் தோட்டத்துக்காரன் காளை தன் கிணற்றைத் தூர் வார ஆள் கூட்டி வந்தான். உள்ளே நல்ல காற்று இருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினோம், பாதி ஆழத்தில் அணைந்தது. "காத்துல அணைஞ்சிருக்கும்ண்ணே" என்றான். மறுபடி இறக்கினோம், மறுபடியும் அணைந்தது. அடுத்த முறை அணையாமல் நின்றதும் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று நான் கயிற்றை விடாமல் நின்றேன். "ஒங்க மக கடலுக்குள்ளயே போயிட்டு வாரா, நீங்க இந்தக் கெணத்துக்கு இம்புட்டு நடுங்குறீகளே" என்று காளை கேலி பண்ணினான். மறுநாள் மெஷின் வைத்துக் காற்றடித்த பிறகு இறங்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை. முந்தின நாள் உள்ளே விஷக்காற்று இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியாது, நான் பயந்தாங்கொள்ளி என்பது மட்டும் ஊர் முழுக்கத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அழகர் உன்னைக் காப்பார், ஆனால் சென்சாரை அவர் வந்து மாற்ற மாட்டார், அதை நீதான் மாற்ற வேண்டும். புதியது கைக்கு வராமல் தண்ணீரில் கால் வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. ஒவ்வொரு முறையும் நல்லபடியாக முடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் போன் பண்ணுகிறாய். சந்தேகமாக இருந்தது, பாதியிலேயே திரும்பிவிட்டேன் அப்பா என்று ஒரு நாள் பண்ணு. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா
தவசி