பிரிக்காமல் திட்டிய பலகை

ஏங்க,

சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன். முட்டை பொரித்துக்கொள்ளுங்கள், வெறும் தயிரோடு எழுந்துவிடாதீர்கள்.

பத்து மணிக்குத் தையல் மிஷின்களை எடுக்க ஆள் வருவார். கடைச் சாவி ஃபிரிட்ஜ் மேல். ஏழு மிஷினையும் கொடுத்துவிடுங்கள். அங்கே நின்றால் அழுதுவிடுவேன். அதனால்தான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நேற்று நீங்கள் கொண்டுவந்த பெயர்ப்பலகையின் காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். "பதினோரு வருஷக் கடைய மூடி ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள அடுத்த போர்டா? என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல, உங்களுக்கு என்னங்க அவசரம்?" நீங்கள் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படுக்கப் போனீர்கள்.

இன்று காலை பெருக்கும்போது பிரித்துப் பார்த்தேன். மேலே என் பெயர், நல்ல பெரிய எழுத்தில். கீழே, தொழிலை எழுத வேண்டிய இடம் முழுக்க வெறும் வெள்ளை.

நேற்றே பிரித்திருக்கலாம்.

உங்களை எழுப்ப மனசு வரவில்லை. அதான் சீட்டு.

பி.கு.: மிச்சத்தை எழுத எப்போது வரட்டும் என்று பெயிண்டர் கேட்டால், நாள் எதுவும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: பாலை ஃபிரிட்ஜில் வையுங்கள். பலகையைக் கூடத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன், அப்படியே இருக்கட்டும்.