நகத்தளவு ரொட்டி

மார்ச் 11
மெதெரின் எடை நூற்றுநான்கு கிலோ. எங்கள் பகல்நேர மனநல மையத்துக்கு அவன் வந்த புதிதில் காதுக்குள் யாரோ திட்டுவதாகச் சொல்லிச் சுவரில் முட்டிக்கொள்வான். இப்போது அவன் சாப்பிடும் மாத்திரைதான் அந்தக் குரல்களை அடக்கியது. அதேதான் உடம்பை ஊதவும் வைக்கிறது.
"சர்க்கரை எல்லையில நிக்குது புர்மாகான். மூணு மாசத்துல இறங்கலன்னா மாத்திரைய மாத்தணும்" என்றார் என்னிடம் டாக்டர் சகினாய். மாற்றினால் குரல்கள் திரும்பிவிட்டால்? அவனோடு சேர்த்து இதே மாத்திரை சாப்பிடும் நான்கு பேரையும் நடக்க வைப்பது இனி நர்ஸான என் பொறுப்பு. எனக்கே முட்டிவலி.

மார்ச் 14
விசில் ஊதிப் பயிற்சி. மெதெர் கையை இடுப்புவரை தூக்கினான். "போதுமாக்கா? உக்காரட்டுமா?"

மார்ச் 18
தெருவில் நடக்கலாம் என்று முடிவு செய்தோம். இவர்களைப் பார்த்துத் தெருக்காரர்கள் பயந்து கதவைச் சாத்திவிடுவார்களோ என்று வீடுவீடாகப் போய் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

மார்ச் 20
யாரும் சாத்தவில்லை. சாத்தியிருக்கலாம்! முதல் வாசலிலேயே, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அசன்குல் அண்ணன். "ரொட்டியத் தொடாமப் போவீங்களா?" வாசலைத் தாண்டுபவர் ஒரு துண்டாவது ருசிக்காமல் போகக்கூடாது என்பது எங்கள் கிர்கிஸ் வழக்கம். தொட்டால் வெண்ணெய், வெண்ணெய்க்கு ஜாம், ஜாமுக்குத் தேநீர். ஐந்து வீடு, ஐந்து தேநீர். நடந்தது முந்நூறு அடி.

ஏப்ரல் 8
நூற்றாறு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 9
கூப்பிடாதீர்கள் என்று அசன்குல் அண்ணனிடம் கெஞ்சினேன். "வாசலத் தாண்டுறவனுக்கு ரொட்டி நீட்டாதேங்கற. நீ கிர்கிஸ் வீட்லதான் பொறந்தியா?"
என் வாசலில் போனால் நானும் கூப்பிட்டிருப்பேன். நானேதான் ஊரெல்லாம் சொல்லி வச்சேன், முட்டாள் — மெதெருக்குக் குரல் திரும்பிச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

ஏப்ரல் 10
விருந்தாளியை வழியனுப்புவதும் நம் வழக்கம்தானே! எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்: உள்ளே அழைக்காதீர்கள், வாசலில் நின்றபடி நகத்தளவு ரொட்டி கொடுங்கள், அடுத்த வீட்டுவரை கூடவே நடந்து வழியனுப்புங்கள்.

ஏப்ரல் 11
அசன்குல் அண்ணனுக்கு அடுத்த வாசலிலும் பேச்சு முடியவில்லை. அதற்கடுத்த வாசலுக்கும் மூச்சு வாங்க வந்தார். "அண்ணே, இடுப்பப் புடிச்சுக்கிறீங்க. நான் வேணா உங்கள வழியனுப்பட்டுமா?" என்றான் மெதெர். அவன் கேலி பேசி இன்றுதான் கேட்கிறேன். பத்து வீடு. ஒரு தேநீர் இல்லை.

மே 16
ஆற்றுப் பாலம்வரை போனோம். என்னைச் சேர்க்காமல் ஒன்பது பேர். என் ஆட்கள் நான்குதான். மற்றவர்கள் வழியனுப்ப வந்தவர்கள்.

ஜூன் 12
நூற்றொன்று. சர்க்கரை இறங்கிவிட்டது. மாத்திரை மாறாது! மருந்து அறைக்குள் போய் நன்றாக அழுதேன்.

ஜூன் 15
முட்டி வீங்கிவிட்டது, விடுப்பு. நானில்லாமல் யாரும் கிளம்பமாட்டார்கள் என்ற கவலையோடு படுத்திருந்தேன். பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் பேச்சுச் சத்தம். முன்னால் நின்றவன் மெதெர்.
"வாங்கப்பா உள்ள, டீ போடறேன்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.
"டீயா? எங்க நர்சக்காவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாங்க. இங்கயே நகத்தளவு குடுங்க."
பிய்த்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தான்.
"அடுத்த வாசல்வரைக்கும் வழியனுப்பணும்ல? மெதுவா வாங்கக்கா, நான் புடிச்சுக்கறேன்."
நொண்டிக்கொண்டே போனேன்.